குதிரையாகும் பெண்: விபிரெடோ லாமின் அச்சோவியங்கள்

கியூப ஓவியர் விபிரெடோ லாம் (1902–1982) தம் பிற்காலத்தில் மிலான் நகரிலே, அச்சாளர் ஜோர்ஜியோ உப்பிலியோவுடன் இணைந்து உருவாக்கிய அச்சோவியங்களில் ஓருருவம் ஓயாது மீள வருகின்றது. நீண்டு கூம்பிய குதிரை முகம், பிடரி மயிர், பெண்ணின் மார்பகம், எதிர்பாராத இடங்களில் முளைக்கும் கொம்பும் குளம்பும் என அது அமைகின்றது. இதனை அடிமனக் கனவின் விகார வடிவமாகக் கொள்வது மேலைத்தேய விமர்சகர் பலரின் வழக்கம். ஆந்திரே பிரெத்தோனின் கூட்டத்தோடு லாம் பழகியவராதலின் சர்ரியலிசம் என்ற பெயர் எளிதில் ஒட்டிக்கொண்டது. அப்பெயர் முற்றிலும் பொய்யன்று. ஆயின் இவ்வுருவத்தை விளக்க அது போதாது.

லாமின் ஞானத்தாயான மந்தோனிக்கா வில்சன் சந்தேரியா நெறியின் பூசகி. கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட யொருபா மக்கள், தம் தெய்வங்களைக் கத்தோலிக்கப் புனிதரின் பெயர்களுள் மறைத்துப் பேணியதால் உருவான வழிபாடு அது. அங்கே தெய்வம் அடியார்மீது ஏறுகின்றது. ஏறப்பெற்றவர் 'குதிரை' எனப்படுவர். எனவே லாமின் பெண் பூதமுமல்லள், கனவுமல்லள். தெய்வத்தைச் சுமக்கும் மனுஷி.

கண்டிப் பிரதேச வாசகருக்கு இது அந்நியமான செய்தியன்று. அலவத்துகொட வழியாக வடக்கே செல்லும் வீதி மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை அடைகின்றது. மாசிமகத் திருவிழாவுக்கு அவ்வீதியாற் செல்பவர், உருவேறி ஆடும் ஒருவரைக் கண்டால் அதனைக் கனவென்று கூறுவதில்லை. தமிழும் 'ஏறுதல்' என்ற வினையையே இங்கு ஆள்வது நோக்கற்பாலது. கோயில்களில் சுவாமியைச் சுமக்கும் குதிரை மரத்தாலானது. சந்தேரியாவில் மனித உடலே வாகனம். வேறுபாடு அவ்வளவே.

கண்டியிற் பிறந்த ஜோர்ஜ் கீற் (1901–1993) இங்கு நினைவுக்கு வருவது இயல்பு. லாமைப் போலவே அவரும் பிக்காசோவின் கோட்டைத் தம் மண்ணுக்குரியதாக்கியவர். ஆனால் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் ஆக்கிய கீற்றின் நாயிகைகள் காவியத்தின் வழி வந்தவர்கள். அழகிகள்தாம், சாமியாட்டத்தின் வியர்வை அவர்களிடம் இல்லை.

எனினும் லாமின் அச்சோவியங்களைக் குறையற்றவையெனல் இயலாது. 1942–43இல் அவர் தீட்டிய 'காடு' என்னும் பேரோவியத்தில் இத்தகைய உருவங்கள் கரும்புத் தண்டுகளிடையே நெருக்குண்டு நிற்கின்றன. கரும்பு, அடிமைகளின் உழைப்பை உறிஞ்சிய பயிர். தெய்வமேறிய உடலும் தோட்டத்தில் உழைத்த உடலும் ஒன்றே என்பதை அவ்வோவியம் உரக்கச் சொல்கின்றது. மலையகத் தேயிலைத் தோட்டங்களை அறிந்தவர் அதனை உடனே உணர்வர். பிற்கால அச்சுக்களிலோ கோடு மெலிந்து நேர்த்தி பெறுகின்றது. குதிரைப்பெண் பெரும்பாலும் வெறும் வெளியில் மிதக்கின்றாள். கரும்பு அங்கே இல்லை.