தூதரின் சொல்லுக்குச் செவிகொடுத்தல்

வேதாகமத்தில் தேவதூதர்கள் செய்தி கொண்டுவரும் பகுதிகளைச் சுவைத்து வாசிக்க விரும்புவோர், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் மனத்தில் பதித்துவிட்ட சிறகுகளை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். ஏசாயா கண்ட காட்சியில் ஆறு சிறகுகளோடு நிற்கும் சேராபீன்கள் இறைவனின் அரியணையைச் சூழ்ந்து போற்றும் வேறு வகையினர். மனிதரைத் தேடி வந்து செய்தி சொல்லும் தூதருக்குச் சிறகு இருந்ததாகப் பெரும்பாலான கதைகள் குறிப்பிடுவதே இல்லை. எபிரேயத்தின் 'மலாக்', கிரேக்கத்தின் 'அங்கெலோஸ்' ஆகிய இரு சொற்களுக்கும் தூதர் என்பதே பொருள். யோவான் ஸ்நானகன் இயேசுவிடம் அனுப்பிய ஆட்களையும் லூக்கா இதே கிரேக்கச் சொல்லால்தான் சுட்டுகிறார். ஐரோப்பிய மொழிகள் பலவும் கிரேக்கச் சொல்லின் ஒலியை மட்டும் கடன் வாங்கியிருக்க, தேவதூதன் என்ற பழைய மொழிபெயர்ப்பும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ஆளும் வானதூதர் என்ற சொல்லும் அதன் பொருளைத் தமிழில் காப்பாற்றியிருப்பது தமிழ் வாசகருக்கு வாய்த்த பேறு.

'கர்த்தருடைய தூதனானவர்' முதன்முதலாகத் தோன்றுவது ஆதியாகமத்தின் 16ஆம் அதிகாரத்தில். அவர் தேடி வருவது அரசனையோ தீர்க்கதரிசியையோ அல்ல, எஜமானியின் கொடுமை தாளாமல் ஓடிப்போன ஆகார் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணை. கருவுற்றிருக்கும் அவள் சூர் என்னும் இடத்துக்குப் போகும் வழியில், வனாந்தரத்து நீரூற்றருகே இருக்கிறாள். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று தூதர் கேட்க, அவள் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறாள். போக்கிடம் இல்லாதவளின் நிலை அந்தச் சொல்லப்படாத விடைக்குள் முழுவதுமாக அடங்கியிருக்கிறது. அடுத்து, அவள் சந்ததியைத் தானே பெருகச் செய்வதாகத் தூதர் தன்மையில் பேசுவதைக் கவனிக்க வேண்டும். அனுப்பியவரின் சொல்லை அவர் குரலிலேயே ஒப்பிப்பது பண்டைக்காலத் தூதர் மரபு என்பதை அறிந்தால், பேசுபவர் தூதரா இறைவனா என்ற மயக்கமே அக்காட்சியின் அழகு என்பது விளங்கும்.

தூதர் வருகையைக் கதையாகச் சொல்லும் கலைக்கு லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரமே உச்சம். தோற்றம், அச்சம், செய்தி, எதிர்க்கேள்வி, அடையாளம் என்று நியாயாதிபதிகள் காலத்துக் கதைகளிலேயே வேரூன்றிய வரிசையை லூக்கா அடுத்தடுத்து இருமுறை பின்பற்றி, இரண்டாம் முறை அதைத் திருப்பிவிடுகிறார். எருசலேம் தேவாலயத்தில் தூபங்காட்டும் முதிய ஆசாரியர் சகரியா, தூபபீடத்தின் வலப்பக்கத்தில் நிற்கும் காபிரியேலைக் காண்கிறார். பின்னர் அதே காபிரியேல் நாசரேத்தில் மரியாள் என்ற இளம்பெண்ணிடம் வருகிறார். இருவருக்கும் அவர் அறிவிப்பது ஒரு மகனின் பிறப்பு. இருவரும் கலங்குகின்றனர், இருவரும் கேள்வி கேட்கின்றனர். எனினும் ஆசாரியர் கேட்டது நம்புவதற்கு ஆதாரம், மரியாள் கேட்டது நடக்கும் விதம். ஆகவே மரியாளுக்கு விளக்கம் கிடைக்க, வெளியே காத்திருந்த மக்கள் முன் சகரியா பேச்சிழந்து, சைகையால் மட்டுமே உணர்த்துபவராக நிற்கிறார். செய்தியைப் பெற்றவரே அதை எடுத்துரைக்க இயலாமல் போகும் அந்த நிலையை ஆக்கினை என்று மட்டும் வாசிப்பது போதாது. பிள்ளைக்கு யோவான் என்று பெயரிட வேண்டும் என அவர் பலகையில் எழுதும் நாள்வரை நீளும் மௌனமும் செய்தியின் ஒரு பகுதியே.

இத்தூதர்கள் தம்மைப் பற்றிப் பெரிதும் பேசுவதில்லை. சிம்சோனின் தந்தை மனோவா பெயர் கேட்டும் பெறவில்லை. யோசேப்பின் கனவுகளில் வருபவருக்கு மத்தேயு பெயரே தருவதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவில், காட்சியைக் கண்டு காலில் விழுந்த, அந்நூலின் யோவானைத் தடுத்து, தாமும் உடன் ஊழியரே என்கிறார் தூதர். மரியாள் இசைவு தந்ததும் காபிரியேல் புறப்பட்டுப் போவதை லூக்கா ஒரு சிறு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்.

லூக்கா முதல் அதிகாரத்தின் 5 முதல் 38 வரையுள்ள வசனங்களை ஒரே அமர்வில் வாய்விட்டு வாசியுங்கள். அந்தக் கடைசிச் சிறு வாக்கியத்துக்குப் பின் சற்று நிறுத்துங்கள்.