மண்ணுருவும் மாக்கோழியும்: உயிர்ப்பலி மறுப்பில் இரு சமணக் காப்பியங்கள்

உயிர்ப்பலியை மறுத்துப் பேசுவோர் திருக்குறளின் கொல்லாமை அதிகாரத்தையும் வள்ளலாரின் சீவகாருணியத்தையும் தவறாது எடுத்துக்காட்டுவர். அறம் உரைக்க அவை போதும். ஆயின், கோழியோ கிடாயோ நேர்ந்துகொண்ட அடியவர் ஒருவர், 'நேர்ந்த கடனை இனி எவ்வாறு தீர்ப்பது?' என வினவினால் என்ன விடை கூறுவது? இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டவை ஐஞ்சிறுகாப்பியங்களுள் நீலகேசியும் யசோதர காவியமும் ஆகும். இரண்டும் சமண நூல்களே. விடைகள் மட்டும் வேறு.

நீலகேசியில் அரசிக்கு மகப்பேறு வாய்த்த மகிழ்ச்சியில் மக்கள் காளிக்குப் பலியிட உயிர்களைக் கொண்டு வருகின்றனர். அங்கிருந்த முனிச்சந்திரர், மண்ணாற் செய்த உருவங்களைப் படைத்தாலே காளி மனநிறைவு கொள்வாள் என்று கூறி அவர்களை இணங்கச் செய்கிறார். நேர்த்திக்கடனும் நிறைவேறுகிறது, உயிர்களும் பிழைக்கின்றன.

யசோதர காவியம் இத்தகைய இணக்கத்திற்கு இடந்தரவில்லை. உயிருள்ளதைக் கொல்ல மறுத்த யசோதரன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் மாவினாற் செய்த கோழியைத் தேவிக்கு வெட்டுகிறான். வெட்டுண்ட மாக்கோழி கூவுகிறது. காப்பியத்தின் மிக அச்சந்தரும் இடம் இதுவே. பின்னர்த் தாயும் மகனும் நஞ்சூட்டப்பெற்று இறந்து, மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல பிறவிகள் எடுத்துத் துன்புறுகின்றனர். கொல்லும் எண்ணமே கொலைக்கு ஒப்பாம் என்பது ஆசிரியர் கொள்கை. கொள்கையளவில் இது நுண்ணியது. எனினும், ஒரு துளிக் குருதியும் சிந்தாதவனுக்கு இத்துணைத் தண்டனையா என்னும் கேள்வி எழாமற் போகாது.

சீர்திருத்த நோக்கில் முனிச்சந்திரரின் வழியே பயனுடையது என்பது என் கருத்து. இன்று நம் ஆலயங்களில் குங்குமமிட்டுப் பூசணிக்காய் உடைப்பதும் எலுமிச்சை அறுப்பதும் அவ்வழியை ஒத்தவையே. ஆனால், அக்குங்குமச் சிவப்பைக் காணுந்தோறும் மாக்கோழியின் கூவலும் நினைவுக்கு வருகிறது. தெய்வம் குருதியை விரும்புகிறது என்னும் நம்பிக்கையை அச்சிவப்பு அகற்றிவிட்டதா?

பிறிதொன்றும் சுட்டவேண்டும். பலி மறுப்பு என்றவுடன் நம்மவர் முனியாண்டி, மதுரை வீரன், காளியம்மன் சன்னிதிகளையே நோக்குகின்றனர். பழந்தமிழ் நூல்கள் அவ்வாறு ஓரவஞ்சனை செய்யவில்லை. ஆயிரம் வேள்வியினும் ஓருயிரைக் கொன்றுண்ணாமை நன்று எனக் குறள் கூறுவது வேள்வியை முன்வைத்தன்றோ? மணிமேகலையின் ஆபுத்திரன் விடுவித்ததும் வேள்விப் பசுவையே. நீலகேசியும் வேதவாதச் சருக்கத்தை உடையது. மறுபுறம், கிடாயின் குருதி கலந்த அரிசியை முருகனுக்குப் பலியாகத் தூவுவதைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. ஆகவே, உயிர்ப்பலி 'சிறுதெய்வ' வழக்கம் மட்டுமே என்பது பொருந்தாது.

தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டம் 2003இல் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டபோது, அது நாட்டார் வழிபாட்டின்மீது தொடுக்கப்பட்ட தாக்குதல் என்னும் எதிர்ப்புக் கிளம்பியது; 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. கொல்லாமையை ஏற்கும் நாமும் அவ்வெதிர்ப்பின் நியாயத்தைப் புறந்தள்ள இயலாது. முனிச்சந்திரரிடம் ஆணையோ காவலரோ இல்லை. பலியோடு வந்தவர்களிடம் அவர் நேரிற் பேசினார். அதன்பின்னும் காளி சினந்தாள் என்றே காப்பியம் கூறுகிறது. அவள் பொருட்டு முனிவரை அச்சுறுத்த வந்த நீலகேசியையும் அவர் சொல்லாலேயே வெல்லவேண்டியிருந்தது.