புள்ளிக்கோடு

டேட்டாவை இடம்மாற்றும் மைக்ரோசாஃப்ட் கருவியான எஸ்.எஸ்.ஐ.எஸ்.ஸில் அடுத்தவர் கட்டிய பேக்கேஜை முதன்முறை திறக்கும்போது பெட்டிகளில் என் கண் நிற்பதில்லை. ஃபைலை எடு, டேபிளைக் காலி செய், டேட்டாவை ஏற்று, மெயில் அனுப்பு: பெட்டிகள் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். செய்தவரின் கைவாகு தெரிவது பெட்டிகளை இணைக்கும் அம்புகளில்.

முந்தைய வேலை நன்றாக முடிந்தால் பச்சை அம்பு வழிவிடும்; தோற்றால் சிவப்பு. எப்படியோ முடிந்தால் போதும் என்று மூன்றாவதாக ஒன்று. இந்த மூன்றும் இதற்கு முந்தைய கருவியான டி.டி.எஸ்.ஸிலேயே இருந்தவை. 2005-ல் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டு எஸ்.எஸ்.ஐ.எஸ்.ஸைக் கொண்டுவந்தபோதுதான் அம்பின் மேலேயே ஒரு எக்ஸ்பிரஷனை, அதாவது நிபந்தனையை, எழுத முடிந்தது. எழுதியதும் அம்பின் பக்கத்தில் எஃப்.எக்ஸ். என்று ஒரு குட்டி முத்திரை விழும். ரசனை அங்கே தொடங்குகிறது.

மாதக் கடைசியில் மட்டும் ஓடவேண்டிய ஒரு வேலை. இதற்காக மாதவாரியாக 28, 30, 31 என்று அடுக்கி, லீப் வருடத்துக்குத் தனி வரி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். (பாவம், உழைப்பாளிகள்.) தெரிந்தவர் ஒரே வரியில் முடிப்பார்: இன்றைய தேதியோடு ஒரு நாளைக் கூட்டு, வருவது ஒன்றாம் தேதியென்றால் போ. பிப்ரவரி தானாகவே சரியாகிவிடும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்றைய தேதிக்கு கெட்டேட் என்ற ஃபங்ஷனை எழுதினால், பேக்கேஜ் அந்த அம்பை எட்டும் நொடியில்தான் கடிகாரம் பார்க்கப்படும். 31-ஆம் தேதி இரவு 11.40-க்குக் கிளம்பி, 12.10-க்கு அங்கே வந்து சேர்ந்தால் தேதி மாறிவிட்டது. மாதக் கடைசி வேலை சத்தமில்லாமல் விடுபடும். பேக்கேஜ் கிளம்பிய நேரத்தையே பிடித்து வைத்திருக்கும் ஸ்டார்ட்டைம் வேரியபிளை அந்த இடத்தில் பார்த்தால், எழுதியவர் ராத்திரி வேலை பார்த்து அடிபட்டவர் என்று புரிந்துகொள்வேன்.

எனக்கு அடி விழுந்தது வேறிடத்தில். மூன்று லோடுகள், மூன்றிலிருந்தும் சிவப்பு அம்பு ஒரே மெயில் டாஸ்க்குக்கு. எது தோற்றாலும் மெயில் வரும் என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு லோடு தோற்றது, மெயில் வரவில்லை. காலையில் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. ஒரு பெட்டிக்குள் பல அம்புகள் நுழைந்தால், நாம் மாற்றாதவரை எல்லா அம்புகளும் ஒத்துவந்தால்தான் அது ஓடும். மூன்றும் சேர்ந்து தோற்கட்டும் என்று என் மெயில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது! திரையில் அதற்கு அடையாளமும் இருந்தது: கோடுகள் மூன்றும் முழுக்கோடு. ஏதாவது ஒன்று போதும் என்றால் அவை புள்ளிக்கோடாக இருக்கவேண்டும்.

ஓர் அம்பை டபுள் கிளிக் செய்து, ஆண்ட் என்றிருந்ததை ஆர் என்று மாற்றினேன். தொடாத மற்ற இரண்டும் கூடவே புள்ளிக்கோடாயின.