குறியை அழித்துப் பார்

 கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வரும்: முடிவிலித் தொடர் ஒருங்குகிறது, சரி, அது தனி ஒருங்கலா, நிபந்தனை ஒருங்கலா?

சோதனை எளியது. கழித்தற் குறிகளை அழித்துவிட்டுக் கூட்ட வேண்டும். அப்போதும் ஒருங்கினால் தனி ஒருங்கல், இல்லாவிட்டால் நிபந்தனை ஒருங்கல். 1 − 1/4 + 1/9 − 1/16... குறி போனாலும் கூட்டுத்தொகை 1.65ஐ எட்டாது, இது தனி ஒருங்கல். 1 − 1/2 + 1/3 − 1/4... ஏறத்தாழ 0.693இல் ஒருங்கும். குறியை எடுத்தாலோ, 1/3உம் 1/4உம் சேர்ந்து அரையைத் தாண்டும். 1/5 முதல் 1/8 வரையும் அப்படியே. அரை அரையாக எல்லையில்லாமல் ஏறிவிடும். ஆகவே இது நிபந்தனை ஒருங்கல்.

எனக்குப் பிடித்தது அடுத்த வேலைதான். அதே உறுப்புகளை, ஒன்றையும் விடாமல், ஒரு நேர், இரு மறை என்று அடுக்குங்கள்: 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8... 1இல் 1/2 போக 1/2. 1/3இல் 1/6 போக 1/6. இப்போது கிடைக்கும் 1/2 − 1/4 + 1/6 − 1/8... தொடரின் ஒவ்வோர் உறுப்பும் பழைய தொடரில் அதே இடத்து உறுப்பின் பாதி. விடையும் பாதி, 0.347! வரவு செலவை எந்த ஒழுங்கில் எழுதினாலும் மீதி ஒன்றே என்ற கடைக்கணக்கு இங்கே செல்லாது. அடுக்கை மாற்றி விரும்பிய எந்த எண்ணையும் வரவழைக்கலாம் என்று காட்டியவர் கணிதர் ரீமான்.

கேரளத்துக் கணிதர் மாதவர் பெயரால் வழங்கும் 1 − 1/3 + 1/5... தொடரும் நிபந்தனை ஒருங்கல் வகையே. பை (π) எண்ணின் காற்பங்கை அது மிக மெல்ல நெருங்கும். அதனால் மாதவரின் மரபினர் இறுதியில் ஒரு திருத்த உறுப்பும் சேர்த்தார்கள். உறுப்புகளை இடம் மாற்றவில்லை.