நாளுக்கொரு மல்டிவிற்றமின்: தேவை யாருக்கு?

கண்டி நகரத்து மருந்தகங்களில் மருத்துவரின் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடியவற்றில் மல்டிவிற்றமின் போத்தலும் ஒன்று. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்கு அதை அனுப்பியும் வைக்கிறார்கள். அசதி, முடி உதிர்வு, கைகால் உளைச்சல் என எதற்கும் அதுவே மருந்து என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு?

ஆதாரம் அறவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 14,641 ஆண் மருத்துவர்களை 11 ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. தினமும் மல்டிவிற்றமின் எடுத்தவர்களிடையே புற்றுநோய் 8 சதவீதம் குறைந்திருந்தது. முதியவர்களின் நினைவாற்றலுக்கு அது ஓரளவு துணைசெய்வதாக அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆனால் அதே மருத்துவர்களிடையே மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. ஏறத்தாழ 3,90,000 அமெரிக்கர்களின் தரவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வும், தினமும் மல்டிவிற்றமின் எடுப்பவர்களுக்கு இறப்பு அபாயம் குறைவதாகக் காணவில்லை. தீங்கும் உண்டு. விற்றமின் ஏ அளவு மீறினால் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு விற்றமின் கே அந்த மருந்தின் வேலையையே குலைத்துவிடும். புகைபிடிப்பவர்களுக்குக் கூடுதலான பீற்றா கரோட்டின் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தை உயர்த்துகிறது.

அப்படியானால் குறைபாடே நமக்கு இல்லையா? இருக்கிறது, ஆனால் போத்தல் வாங்கும் வீடுகளைவிட மலையிலுள்ள தோட்ட லயன்களில்தான் அது அதிகம். இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதாரக் கணிப்பீட்டின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் அது சுமார் 32 சதவீதம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து வேண்டும். அதை அரசாங்க கிளினிக் இலவசமாகவே தருகிறது: கர்ப்பிணிகளுக்கு இரும்பு, போலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம், குடற்புழுவுக்கு மருந்து, 1973 முதல் திரிபோஷ என்ற சத்துமா. குறிப்பிட்ட குறைக்குக் குறிப்பிட்ட சத்தைக் கொடுக்கும் இந்த முறைக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆனால் இரும்புக் குளிசையைப் பிளேன்டீயுடன் விழுங்கினாலோ கல்சியத்துடன் சேர்த்து எடுத்தாலோ உடல் அதைச் சரியாக உறிஞ்சாது. இதை வீடு வீடாகச் சொல்லும் மருத்துவமாதின் வேலை, எந்தப் போத்தலின் விளம்பரத்தையும்விடப் பெறுமதியானது.

பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி சேனக பிபிலே, நாட்டுக்குத் தேவையான மருந்தை மட்டும் தருவித்து எல்லோருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று போராடினார். 1970களில் அவரது கொள்கையால், தனியார் துறைக்கு இறக்குமதியான 2,000க்கும் மேற்பட்ட மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. தேவையறிந்து மருந்து என்ற அந்த அளவுகோல் மல்டிவிற்றமினுக்கும் பொருந்தும்.

ஆகவே மல்டிவிற்றமின் எல்லோருக்குமான காப்புமல்ல. எவருக்கும் ஆகாத ஏமாற்றுமல்ல. மரக்கறி மட்டும் உண்பவர், நீரிழிவுக்கு நெடுநாளாக மெற்ஃபோமின் எடுப்பவர், உணவு குறைந்த முதியவர் ஆகியோருக்கு பி12 போன்றவை குறையலாம். அவர்கள் மருத்துவரிடம் கேட்டு, இரத்தப் பரிசோதனை செய்து, குறைந்ததை மட்டும் எடுக்கட்டும். மற்றவர்கள் அந்தக் காசுக்கு முட்டை, நெத்தலி, பருப்பு, வல்லாரை, முருங்கைக்கீரை, கொய்யா வாங்கலாம். புரதமும் நார்ச்சத்தும் குளிசையில் வராது. கர்ப்பிணிகளே, கிளினிக்கில் தரும் குளிசையை ஒருநாளும் தவறவிடாதீர்கள். தேநீருக்கும் அதற்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.