ஐதிகமும் சான்றும்

யூத சமயத்தின் உண்மையை நிறுவ ஸ்பெயின் நாட்டு யூதப் புலவர் யூதா ஹலேவி 1140-ஆம் ஆண்டளவில் அரபு மொழியில் இயற்றிய நூல் 'கூசாரி'. மெய்ச்சமயம் தேடும் கசார் மன்னன் தத்துவர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் ஆகியோரைக் கேட்டபின் யூத அறிஞரை அடைகிறான். வஞ்சி நகரில் சமயக் கணக்கரை வினவிய மணிமேகலையை இக்காட்சி நினைவூட்டும்.

ஹலேவியின் தலையாய வாதம் இது: சீனாய் மலையில் இறைவன் பேசியதை ஆறு இலட்சம் பேர் கேட்டனர், அச்செய்தி தலைமுறைதோறும் இடையறாது வந்தது. ஒருவர் தனித்துக் கண்டதாகக் கூறுவதினும் இது வலிதே. ஓர் இனம் முழுவதும் பொய்யை ஏற்றல் எளிதன்று.

ஆயினும் அளவை நூலார் இதனை ஐதிகம் என்பர். ஊரார் சொல்லக் கேட்டு மரத்தில் பேயுண்டு எனத் தெளிவதே மணிமேகலை அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு. அறவண அடிகளோ காட்சி, கருத்தளவு என்னும் இரண்டையே கொண்டார். ஆறு இலட்சம் என்னும் தொகையும் யூத மறை தரும் செய்தியே. நிறுவ வேண்டியதே சான்றாகி நிற்கிறது. இந்தியரின் தொன்மையை மன்னன் எடுத்துரைத்தபோது, அவரிடம் கருத்து வேறுபாடற்ற நூலில்லை என யூத அறிஞர் ஒதுக்குகிறார். வழிவழிக் கேள்வியாகவே வந்த வேதத்தை அவர் எண்ணினாரல்லர்.

ஐதிகம் ஓர் இனத்தின் நினைவை மெய்ப்பிக்கும், நிகழ்ச்சியை மெய்ப்பிக்காது. இதனால் யூத சமயம் பொய்யென்று ஆகாது. இவ்வாதம் மட்டும் போதாது என்பதே துணிபு. பல சமயத்தார் அண்டை வீட்டாராய் வாழும் ஜொகூரில் இதனைக் கற்பிக்கும் தமிழாசிரியர், பிறர் ஐதிகத்துக்கு இடும் அளவுகோலையே தம் ஐதிகத்துக்கும் இடுதல் வேண்டும்.