அரங்கேறுமுன் விலைபோன ஆட்டம்

நூல் ஒன்று அவையில் அரங்கேறிய பின்னரே உலகில் வழங்கத் தக்கது என்பது நம் முன்னோர் கொண்ட மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு விளக்கிக் காட்டப்பெற்றது எனப் பனம்பாரனார் பாயிரம் கூறுவதைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். வினவுவோன் ஒருவன், விடை கூறுவோன் ஒருவன், கேட்டிருக்கும் அவை ஒன்று. இவற்றைக் கடந்த பின்னரே நூல் மாணாக்கன் கைக்கு வரும். இன்று கணினி விளையாட்டு உலகில் இம்முறை தலைகீழாய் நிற்கின்றது. ஆக்கம் பாதியில் இருக்கும்போதே விலை வைத்து விற்கின்றனர். வாங்கியோரே அவையோராகிக் குறை கூறுகின்றனர். குறை தீர்ந்ததென ஆக்கியோன் கருதும் நாளில், 'நிறைவெய்தியது' என அறிவிக்கின்றான். இதனை ஆங்கிலத்தார் 'எர்லி ஆக்ஸஸ்' என்பர். ஈண்டு முன்வெளியீடு என்றே குறிப்போம்.

விளையாட்டுப் பொருளைப் பற்றி அறிஞர் பகுதியில் ஆராய்வதா எனச் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். நம் தமிழ்ப்பள்ளி மாணாக்கர் பலர் கதை மாந்தர், உரையாடல், நிலவருணனை ஆகியவற்றை முதன்முதல் சந்திப்பது இத்திரைகளில்தான். புக்கிட் தெங்கா நிலையத்தில் கமுதர் தொடர்வண்டிக்குக் காத்து நிற்கும் இளைஞரின் கைகளைப் பார்த்தோர் இதை மறுக்க மாட்டார். நாம் திறனாயாவிடில், விற்பவன் எழுதும் விளம்பரம் ஒன்றே அவர்களுக்குத் திறனாய்வாகிவிடும்.

முன்வெளியீட்டின் வரலாறு நெடியதன்று. 'மைன்கிராஃப்ட்' 2009இல் அரைகுறை வடிவிலேயே விற்கப்பட்டு, 2011 நவம்பரில் நிறைவு வடிவம் பெற்றது. 'ஸ்டீம்' என்னும் இணைய அங்காடி 2013 மார்ச்சில் இதற்கெனத் தனிப்பகுதி வகுத்தது. அதன்பின் சிறு குழுவினர் பலருக்கு இஃது ஊன்றுகோலாயிற்று. முதலில்லாதவன் முதல் தேடும் வழி என்ற அளவில் இதனைப் பழிப்பதற்கில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிடுமுன், கையொப்பக்காரர்களைத் தேடி அலைந்து அல்லவா அச்சுச் செலவுக்கு வழி கண்டார்? ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கையொப்பமிட்டவர் கைக்குச் சென்றது முற்றிய நூல். பின்னர்க் கிடைத்த ஏடுகளைக் கொண்டு 1907இல் ஐயர் திருந்திய பதிப்பு வெளியிட்டார்; எனினும் முதற்பதிப்பைப் படித்தவன் பாதி நூலைப் படித்தவன் ஆகான்.

தொடர்கதையை எடுத்துக்காட்டுவாரும் உளர். அதுவும் பொருந்தாது. ஐயரவர்களின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. 1942இல் அவர் மறைந்தமையால் நிறைவுறாமலே நின்றது. ஆயினும் வந்த இயல் ஒவ்வொன்றும் தன்னளவில் முற்றியது. சென்ற வாரம் படித்த இயல் இவ்வாரம் மாறிவிடுவதில்லை. முன்வெளியீட்டு ஆட்டத்திலோ, சென்ற திங்கள் ஆடிய பகுதியே இத்திங்கள் வேறாகிவிடும். சில ஆட்டங்களில் சேமித்து வைத்த முன்னேற்றமும் துடைக்கப்பட்டுவிடும்.

இனி, நம் நாட்டுச் சான்றுக்கு வருவோம். 'ரீ:லெஜெண்ட்' என்பது மலேசியாவின் மேக்னஸ் கேம்ஸ் குழுவினர் ஆக்கிய, பாத்திரமேற்று நேரடியாய்ச் சண்டையிடும் ஆட்டம். 2017இல் 'கிக்ஸ்டார்ட்டர்' வழியே பொதுமக்களிடம் பொருள் வேண்டியபோது, கேட்டதைப் போலப் பன்மடங்கு சேர்ந்தது. 505 கேம்ஸ் நிறுவனம் வெளியீட்டாளராயிற்று. 2019 ஆகஸ்டில் முன்வெளியீடு; 2022 செப்டம்பரில் நிறைவு வெளியீடு. இடையில் 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாட்டில் எத்தொழிலையும் தடுமாற வைத்தது. அதனைக் கருதாமல் காலத்தாழ்வை மட்டும் சுட்டுவது நேர்மையாகாது.

கதை எளியது. நினைவிழந்த ஒருவன் வொக்கா என்னும் தீவின் கரையில் ஒதுங்குகின்றான். அங்கே நிலம் உழுகின்றான், மீன் பிடிக்கின்றான், படைக்கலம் ஏந்திப் பகைவிலங்குகளோடு பொருகின்றான். 'மேக்னஸ்' எனப்படும் உயிரினங்களைப் பழக்கி, ஊர்தியாகவும் துணையாகவும் கொள்கின்றான். அவை வளர்ந்து உருமாறுகின்றன. நால்வர் வரை இணையத்தில் கூடியும் ஆடலாம். 1996இல் வந்த 'ஹார்வெஸ்ட் மூன்', 2006இல் வந்த 'ரூன் ஃபேக்டரி' ஆகிய சப்பானிய ஆட்டங்களின் வழித்தோன்றல் இஃது என்பது வெளிப்படை. பழைய பாணியைப் போற்றுதல் குற்றமன்று. அந்தாதியும் பிள்ளைத்தமிழும் பாடிய நமக்கு இதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வாட்டத்தில் மெச்சத் தக்கது உயிரினப் பழக்கமே. பிற ஆட்டங்கள் பலவற்றில் விலங்கு என்பது கொன்று பொருள் பறிப்பதற்கு உரியது. இங்கே அதே விலங்கு, முதலில் பகையாய் நின்று, பின்னர் முதுகு தருகின்றது. ஆடுவோன் தான் பழக்கிய உயிரை இழக்க மனமில்லாமல், சண்டையில் விரைவைக் குறைத்துக் கொள்கின்றான். கதை செய்யத் தவறிய வேலையை இவ்வமைப்பு செய்துவிடுகின்றது. கதையோ, நினைவிழந்த தலைவன் என்ற தேய்ந்த உத்தியை நம்பி நிற்கின்றது. பெயர்களிலும் நம் மண்ணின் மணம் இல்லை. கடலும் மீனும் தீவும் சூழ்ந்த நாட்டினர் தீவுக் கதை சொல்ல வந்து, 'வொக்கா' என்றும் 'மேக்னஸ்' என்றும் பெயரிட்டிருப்பது எமக்குச் சற்று வருத்தமே.

பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. உழவு, மீன்பிடி, விலங்குப் பழக்கம், போர், ஊர் வளர்ச்சி, கூட்டாட்டம் என இத்தனை வாக்குறுதிகளையும் ஒரு சிறு குழு ஒருசேரத் தூக்கிக் கொண்டது. நிறைவு வெளியீட்டின் பின்னரும் வாங்கியோர் கருத்து கலவையாகவே இருந்தது. பிழைகள் எஞ்சின என்றனர் பலர். இதனைக் குழுவின் சோம்பல் எனக் கொள்ளற்க. ஆட்டத்தின் வடிவுக்கும் முன்வெளியீட்டு முறைக்கும் உள்ள பொருத்தமின்மையே காரணம் என்பது எம் கருத்து.

'ஹேடீஸ்' என்னும் அமெரிக்க ஆட்டத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அது 2018 டிசம்பரில் முன்வெளியீடாய் வந்து, 2020 செப்டம்பரில் நிறைவுற்றது. தலைவன் கீழுலகிலிருந்து தப்ப முயல்வான்; மடிவான்; வீடு திரும்பி மீண்டும் புறப்படுவான். தோல்வியும் திரும்புதலும் அதன் கட்டமைப்பிலேயே உள்ளமையால், முற்றுப்பெறாத நிலையும் ஆடுவோனுக்குக் குறையாய்த் தோன்றவில்லை. கதை முடிவை ஆக்கியோர் நிறைவு நாளுக்கென ஒதுக்கி வைத்தனர். 1990களின் 'டியாப்லோ' தோற்றத்தை மீட்டு, 2023இல் முன்வெளியீடாகி 2024 செப்டம்பரில் நிறைவுற்ற 'ஹால்ஸ் ஆஃப் டார்மென்ட்' ஆட்டத்திற்கும் இது பொருந்தும். அரைமணி அளவில் முடியும் தனித்தனிப் போர்களால் ஆனது அது. உழவாட்டம் அத்தகையதன்று. அஃது ஒரே ஓட்டமாய் வளரும் வாழ்க்கை. விதைத்த வயலில் ஒரு பிழை புகுந்தால் அறுவடை வரைக்கும் அது தொடரும். இவ்வகை ஆட்டத்தைப் பாதியில் விற்பது, பந்தலிட்டு அழைத்த விருந்தினர் முன்னே அடுப்பு மூட்டுவது போன்றது.

பினாங்கு மாநிலத்தார்க்கு இதில் இன்னும் ஒரு நெருடல் உண்டு. 1972 முதல் இங்கே வேரூன்றிய மின்னணுத் தொழிலில், சில்லுகளைக் கோத்தலோடு சோதித்தலும் நம் மக்களுக்குப் பிழைப்பாயிற்று. குறை கண்ட சில்லு ஆலையைத் தாண்டாது. அச்சோதனைக்குக் கூலி தருபவன் முதலாளி. முன்வெளியீட்டிலோ சோதிப்பவனே பணம் கட்டுகின்றான்! இதனை விரும்பி ஏற்போர் பலர். ஓர் ஆக்கம் உருவாவதை உடனிருந்து காணும் இன்பம் அவர்க்கு. அதை மறுக்கவில்லை. அறிந்து ஏற்பது வேறு. பன்னிரண்டு அகவைச் சிறுவன் பெருநாட்காசில் வாங்கி ஏமாறுவது வேறு.

தமிழர் ஆக்கிய 'வெண்பா'வும் இங்கு நினைவுக்கு வருகின்றது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31இல் வெளியிட்டது அது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு ஆடுவோனே இட்டலியும் புட்டும் சமைக்க வேண்டும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சிறிதென்று குறை கூறியோர் உண்டு. ஈற்றடி முச்சீராய் நிற்பதைக் குறையெனக் கொள்ளாத யாப்பின் பெயரைத் தாங்கிய ஆட்டத்தை அவ்வாறு குறைகூறல் தகாது. தான் எடுத்ததை முடித்தது அது. 2024இல் பாஃப்டா அமைப்பு முதலாக்கத்திற்கான விருதை அதற்கே வழங்கிற்று. மேக்னஸ் குழுவினர் விலங்குப் பழக்கத்தை மட்டும் எடுத்து அந்த அளவில் நிறுத்தியிருந்தால், இன்று இக்கட்டுரை வேறு விதமாய் அமைந்திருக்கும்.

'ரீ:லெஜெண்ட்' வாங்க எண்ணுவோர், ஸ்டீம் அங்காடியின் ஒரு விதியை அறிந்திருத்தல் நன்று. வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாயின், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தனித்து ஆட விரும்பும் சிறுவர்க்கு இதனை வாங்கித் தரலாம். உயிரினப் பழக்கம் ஒன்றே விலைக்கு ஈடாகும். நண்பரோடு கூடி ஆடுவதற்கென்றே வாங்குவோர், உழவையும் மீனையும் பின்னுக்குத் தள்ளி, அந்த 2 மணிக்குள் கூட்டாட்டத்தை முதலில் சோதித்து விடுக.